படத்தில் இருந்தது, புத்தகத்தில் இல்லை

அன்புள்ள ஐயா,

‘அசுரன்’ படத்தை 2019-இல் வந்தபோதே பார்த்துவிட்டேன். அது பூமணியின் ‘வெக்கை’ நாவலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் சமீபத்தில் நாவலை வாங்கிப் படித்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். படத்தில் என்னை உலுக்கிய அப்பாவின் முன்கதை நாவலில் அப்படி இல்லை. அப்பாவும் பையனும் காட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “படம்தான் நாவலைக் கெடுத்துவிட்டது” என்று கோபப்பட்டார். ஒரு நாவல் படமாகும்போது எவ்வளவு மாறலாம்? மூலத்தை அப்படியே எடுப்பதுதானே முறை? நான் நாவலை முதலில் படித்திருக்க வேண்டுமோ?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆமாம், முடிந்தால் நாவலை முதலில் படிப்பது நல்லது. படம் ஒருமுறை முகத்தைக் கொடுத்துவிட்டால் அதை மனதிலிருந்து அழிக்க முடியாது. ‘வெக்கை’யைப் படித்தபோது அந்த அப்பா உங்களுக்கு தனுஷாகத்தான் நடந்திருப்பார். இது சினிமா மட்டுமே செய்யும் வேலை இல்லை. 1950 முதல் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்தவன்தான். 2022-இல் மணி ரத்னத்தின் படம் வந்தபோது என் காதில் விழுந்த சண்டைகளில் பாதி, இவர் அவரில்லை என்கிற சண்டை.

இப்போது உங்கள் ஏமாற்றத்துக்கு வருகிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். கையை மட்டும் வெட்டிவிட வேண்டும் என்று கிளம்பிய சிதம்பரம் என்ற சிறுவன் கொலையே செய்துவிடுவதில் கதை தொடங்குகிறது. அதற்கப்புறம் எட்டு நாட்கள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் போவது. நாவல் சிதம்பரத்தின் தோளை விட்டு நகர்வதே இல்லை. அவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அப்பா அவ்வளவு நிதானமாக இருக்கிறார். ஏன் என்று அவன் துருவித் துருவிக் கேட்பதில்லை. அப்பா என்றால் அப்படித்தான் இருப்பார். நாமும் கேட்பதில்லை.

படத்தின் இயக்குநர் வெற்றிமாறன் செய்த பெரிய மாற்றம் முன்கதையைச் சேர்த்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது அடுத்த படி என்பேன். முதல் மாற்றம், கதையைப் பையனின் தோளிலிருந்து எடுத்து அப்பாவின் தோளில் வைத்தது. அதைச் செய்த நிமிடமே முன்கதை தேவைப்பட்டுவிட்டது. புத்தகத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் பேசாமல் இருந்தால் அது அவர் குணம். திரையில் ஒரு பெரிய நடிகர் பேசாமல் இருந்தால் அது புதிர். இடைவேளைக்கு அப்புறமாவது யாராவது அதை அவிழ்த்தாக வேண்டும். படம் அவிழ்த்தது, நன்றாகவே அவிழ்த்தது. நீங்கள் அந்த விடையை நாவலில் தேடியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியே நாவலில் இல்லை.

அதனால் ‘எவ்வளவு மாறலாம்’ என்பதைவிட, கதையை இப்போது யார் சொல்கிறார்கள் என்று பார்ப்பதே எனக்கு உபயோகமாக இருந்திருக்கிறது. நாவலில் கதைக்குச் சமமாக அதைச் சொல்லும் குரலும் இருக்கிறது. சம்பவங்களைத் திரைக்கு எடுத்துப்போவது சுலபம். குரல் அப்படி வராது. அதன் இடத்தில் வைக்க வேறு ஒன்றை இயக்குநர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவர்கள்தான் நாவலின் வரிகளைப் பின்னணிக் குரலில் படிக்கவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

அப்படியே எடுப்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. எரிக் வான் ஸ்ட்ரோஹெய்ம் என்ற இயக்குநர், ஃபிராங்க் நாரிஸின் ஒரு நாவலை ஏறக்குறைய முழுசாகவே படமாக்கினார். பெயர் ‘கிரீட்’. முதல் வடிவம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. நிறுவனம் அதை வெட்டி, இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கி 1924-இல் வெளியிட்டது. வெட்டிய பகுதிகள் அழிந்துபோயின. மிச்சமிருப்பதை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் எடுத்த முழு நாவலை யாரும் பார்க்க வழியில்லை.

எதிர்ப் பக்கத்தில் சத்யஜித் ராய். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929-இல் புத்தகமாக வந்தது. அதன் சிறுவர் பதிப்புக்கு ஓவியம் வரைந்தவர் ராய். படத்தைப் பற்றிய எண்ணம் அங்கேதான் முளைத்தது. 1955-இல் வந்த படத்தை மூலத்தோடு ஒப்பிட்டால் ராய் கைவைக்காத இடம் குறைவு. நாவலில் கிழவி இந்திர் தாக்ருண், கதையின் சிறுவன் அப்புவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே செத்துப்போகிறாள். ராய் அவள் ஆயுளை நீட்டினார். மூங்கில் தோப்பில் உட்கார்ந்தபடியே அவள் போய்விட்டதைக் குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள். நாவல் காசி வரை போகிறது, படம் ஊரைவிட்டுக் கிளம்பும் மாட்டு வண்டியோடு நின்றுகொள்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓர் அழுகையைப் பற்றி. அப்புவின் அக்கா துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார் அப்பா. அதை எடுத்து நீட்டும்போது அம்மா உடைகிறாள். வாய் திறக்கிறது, அழுகைச் சத்தம் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கிறது. இந்தச் சேலைக் காட்சியைப் பத்து தடவைக்குமேல் பார்த்திருப்பேன். எழுத்து அந்தத் துக்கத்தைச் சொற்களால் சுற்றி வந்து தொடும். ராய் சொல்லையும் எடுத்துவிட்டார், அழுகையையும் எடுத்துவிட்டார். நாவலின் குரலுக்கு ஈடு என்று நான் சொன்னது இதைத்தான்.

சங்கீதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது நாதஸ்வரத்தை வாசகர்கள்தான் மனதுக்குள் வாசித்துக்கொண்டார்கள். 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்க வைத்தார். அந்த இடத்தில் படம் நாவலை ஜெயித்துவிட்டது, தயங்காமல் சொல்வேன். எல்லாமே நஷ்டக் கணக்கு இல்லை.

சரி, நீங்கள் கேட்ட, மூலத்துக்கு விசுவாசமாக இருக்கும் விஷயம். யாருக்கு, எதற்கு விசுவாசம் என்று யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெட்டுப்போனேன் என்று வந்து நிற்கும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரிய சர்ச்சை. அப்புறம் அவரே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அது சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார். அதில் நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. எழுதியவரே தன் மூலத்தை மாற்றி எழுதியிருக்கிறார். இதில் இயக்குநரிடம் மட்டும் நாம் எதைப் போய்க் கேட்பது?

இதற்காக, எடுத்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. ‘அசுரன்’ படத்தில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. காடு பின்னணியாகிவிட்டது. பூமணியிடம் காடுதான் மூன்றாவது ஆள். நீங்கள் ‘சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று எழுதிய அந்த நடை, பசி, இருட்டு, அதுதான் நாவல். ஆறு மாதம் கழித்து முன்கதையை எதிர்பார்க்காமல் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

உங்கள் நண்பருக்கும் ஒரு வேலை. முதலில் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படிக்கச் சொல்லுங்கள், சின்ன நாவல்தான். அன்றைக்கே மகேந்திரன் அதிலிருந்து 1979-இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஆற்றங்கரை முடிவு வரை. இரண்டிலும் சுந்தரவடிவேலு என்று ஒருவர் வருகிறார். பெயரைத் தவிர இருவருக்கும் அதிகம் ஒற்றுமை இல்லை. இதில் எது எதைக் கெடுத்தது என்று அவர் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.