வெளியூர் விருந்தினரோடு பாட்காஸ்ட்: மிக்சர் வாங்கப் போகும் முன்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நாட்டு நெல் ரகங்களைப் பயிரிடுகிறவர்களோடு பேசி ஒரு பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறேன். நான் இருப்பது மதுரையில். பேசுகிறவர்கள் திருத்துறைப்பூண்டி, மட்டக்களப்பு என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். மடிக்கணினியில் ஜூம் வழியாகப் பேசிப் பதிவு செய்கிறேன். அவர்கள் பேசும்போது அவர்கள் குரலே திரும்பக் கேட்கிறதாம். பதிவில் அவர்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கடையில் விசாரித்தால் மிக்சர் (பல ஒலிகளைக் கலக்கும் கருவி), சவுண்ட் கார்டு, கண்டென்சர் மைக், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்கு ‘செட்’ தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், டீச்சர். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. அந்த செட் இரண்டில் ஒன்றைக்கூடத் தீர்க்காது.

முதலில் எதிரொலி. விருந்தினர் குரல் உங்கள் மடிக்கணினி ஸ்பீக்கரில் வருகிறது. பக்கத்திலேயே இருக்கிற மைக் அதையும் எடுத்து அவருக்கே திருப்பி அனுப்புகிறது. அவர் காதில் விழும் எதிரொலி உங்கள் மேசையில் பிறக்கிறது. ஜூம் அதை அடக்கப் பார்க்கும். அடக்குகிற வேகத்தில் குரலையும் சேர்த்து நசுக்கிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பாதிச் சொற்கள் காணாமல் போவது இதனால்தான். நீங்கள் ஹெட்போன் போட்டுக்கொண்டால் அன்றைக்கே எதிரொலி நின்றுவிடும். அவரும் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் பக்கத்தில் செய்யும் பதிவில் (அது எதற்கென்று கீழே சொல்கிறேன்) கலந்துவிடும். சாதாரண வயர் இயர்போன் போதும்.

ப்ளூடூத் வேண்டாம். பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கிறதே என்பீர்கள். அதன் மைக்கும் வேலை செய்யத் தொடங்கிய நொடியே பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகள் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். காதுக்கு வருவதும் மைக் எடுப்பதும் இரண்டுமே தரம் இறங்கிவிடும்.

இரண்டாவது, கிணற்றுக் குரல். இணையத்தில் போவதற்காகக் குரலைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சிக்னல் குறைந்தால் இன்னும் சுருக்குகிறார்கள். நீங்கள் பதிவு செய்வது அப்படி நைந்து வந்து சேர்ந்ததை. மட்டக்களப்பில் கிளம்பும்போதே போய்விட்ட ஒலியை மதுரையில் எந்த மிக்சரை வைத்தும் மீட்க முடியாது. அதனால் அவர் குரலை அவர் இருக்கும் இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வானொலிக்காரர்கள் வெகு காலமாகச் செய்து வரும் வேலை இது. டபுள் எண்டர் என்பார்கள். ஜூம் பேசுவதற்கு மட்டும். உங்கள் குரலை உங்கள் மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யுங்கள், அது இலவசம். அவர் குரலை அவர் பக்கத்தில் ஒரு போனின் ரெக்கார்டர் பதிவு செய்யட்டும். அப்புறம் அவர் கோப்பை அனுப்புவார், நீங்கள் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துச் சேர்ப்பீர்கள்.

சேர்ப்பது கஷ்டமில்லை. தொடங்கியதும் நீங்கள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணி, இருவரும் ஒரு தடவை கைதட்டுங்கள். ஆடாசிட்டியில் அந்தக் கைதட்டல் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரண்டு ஊசிகளையும் நேருக்கு நேர் நகர்த்தினால் பேச்சு கூடிவிடும். முடியும்போதும் ஒரு தடவை தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடாது. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் விலகியிருந்தால் அந்தக் கடைசித் தட்டல் காட்டிக்கொடுக்கும்.

ஜூம் பதிவும் ஓடட்டும், ஆபத்துக்கு உதவும். அதன் பதிவு அமைப்பில் ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகச் சேமிக்க ஒரு தெரிவு உண்டு, அதை டிக் செய்துவிடுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு நாதஸ்வரக் கலைஞரோடு ஒரு மணி நேரம் பேசினேன். இருவர் குரலும் ஒரே கோப்பில் கலந்துவிட்டது. அவர் தன் குருவைப் பற்றித் தழுதழுத்துச் சொன்ன இடத்தில் நான் ‘ம்... ம்...’ என்று கொட்டியது அவர் குரலின் மேலேயே விழுந்திருந்தது. பிரிக்க முடியவில்லை. அந்தப் பகுதியை வெட்டித்தான் போட்டேன். இன்றும் வருத்தம்தான்.

இப்போது அந்த ‘செட்’. இப்படி செட்டில் வரும் கண்டென்சர் மைக்குக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் தனியாகத் தர வேண்டும். அதைச் சொல்லாமல், சின்னப் பின்னைக் கொடுத்து மடிக்கணினியில் நேரே செருகச் சொல்லி அனுப்பும் கடைகள் நிறைய. சரியாக மாட்டினாலும் அது சீலிங் ஃபேன், தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். நம் வீடுகளுக்கு அது தோதில்லை. மிக்சர் இன்னும் மோசம். விருந்தினருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் மற்றதெல்லாம் இருக்கலாம், அவருடைய சொந்தக் குரல் இருக்கக் கூடாது. மிக்சரை அதற்கென்று கோக்கத் தெரிய வேண்டும். செட் விற்பவர்களில் பலருக்கு அது தெரியாது. தப்பாகக் கோத்தால் எதிரொலி இன்னும் கூடும், சரி செய்ய ஆள் வருவார், வந்ததற்கு ஒரு பில் போடுவார். கட்டாயம் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. டைனமிக் மைக் ஒன்று வாங்குங்கள், அது சுற்றுச் சத்தத்தை அவ்வளவு அள்ளாது. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஆடாசிட்டியில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் -12 டெசிபெல் பக்கத்தில் ஆடினால் போதும். 0-வைத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்ததைத் தைக்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது கணினி மேல்தான். ஒரு அப்டேட் வந்தால் நேற்று நாம் தேர்ந்தெடுத்து வைத்த மைக்கை மாற்றி வைத்துவிடும். நம்மைக் கேட்பதே இல்லை. ஜூம் தன் பங்குக்கு மைக் அளவைத் தானே ஏற்றி இறக்கும். அமைப்பில் போய் அந்தத் தானியங்கியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முன் இதைச் செய்யுங்கள்: ஆடாசிட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வெளி மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். அப்புறம் மடிக்கணினியின் மூடியைச் சுரண்டுங்கள். எதைத் தொட்டபோது மீட்டர் பெரிதாகத் துள்ளியதோ அதுதான் நிஜமாகவே பதிவு செய்கிற மைக். திரையில் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த முறை சிக்கும். உங்கள் விருந்தினர்களில் பாதிப் பேர் அந்த வகை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அவரிடம் இருப்பது ஒரே ஒரு போன். அதில் பேசிக்கொண்டே அதிலேயே பதிவும் செய்யச் சொன்னால், பெரும்பாலான போன்களில் ரெக்கார்டர் நின்றுவிடும், அல்லது ஓடுவது போலக் காட்டி வெறும் மௌனத்தைப் பதிவு செய்யும். அழைப்பு நடக்கும்போது மைக்கை வேறு செயலிக்குத் தராதபடிதான் போன்களைச் செய்கிறார்கள். முடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே இரண்டாவது போன் வேண்டும். மகனுடையதோ பேத்தியுடையதோ, யாருடையதானாலும் சரி. அதை ஃப்ளைட் மோடில் போட்டு, இல்லாவிட்டால் நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவை நிறுத்திவிடும், மடித்த துண்டின் மேல், பெரியவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். சட்டைப் பையில் வேண்டாம், துணி உரசும். பேசுகிற போன் பட்டன் போனாகவே இருக்கட்டும். ஜூமும் வேண்டாம், இணையமும் வேண்டாம், சாதாரண அழைப்பு போதும். நீங்கள் உங்கள் செல்போனில் இயர்போன் மாட்டிப் பேசிக்கொண்டு, உங்கள் குரலை மடிக்கணினியில் பதிவு செய்யுங்கள். பெரியவருக்கு இயர்போன் பழக்கமில்லை என்றால் வழக்கம்போலக் காதில் வைத்தே பேசட்டும். ஸ்பீக்கரில் மட்டும் போட வேண்டாம். கைதட்ட முடியாதே என்பீர்கள்: பக்கத்தில் இருக்கும் பிள்ளை தட்டட்டும். இரண்டாவது போன் கிடைக்காத அன்று பேட்டியை இன்னொரு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள்.

முடிந்ததும் போனை வைப்பதற்கு முன், பதிவின் கடைசிப் பத்து நொடியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ரெக்கார்டருக்குப் பதில் வாய்ஸ் மெசேஜாகவே பேசி அனுப்பினால் குரலை மறுபடியும் சுருக்கிவிடும். ஒரு மணி நேரப் பேச்சு எம்4ஏ என்ற வகை ஒலிக் கோப்பாகச் சுமார் 60 எம்.பி. வரும், தாராளமாகப் போகும். கோப்பு உங்களிடம் வந்து, நீங்கள் முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை அந்தப் பிள்ளை தன் போனிலிருந்து அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.