எடை குறைந்த வண்டி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 66. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று தேனியில் இருக்கிறேன். 1991இல் வாங்கிய புல்லட் 350 இன்னும் என்னிடம் ஓடுகிறது. வலது காலில் கியர் போடுகிற பழைய வண்டி. மாதத்தில் ஒரு தடவையாவது மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி பூப்பாறை, மூணாறு என்று போய் வருவோம். மற்றபடி டவுனுக்குள் மார்க்கெட், பேங்க், கோயில்.

போன மாதம் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது காலுக்கடியில் ஜல்லி நகர்ந்து வண்டி சாய்ந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை, இரண்டு பையன்கள் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து மகன், "ஸ்கூட்டர் வாங்குங்க, இல்லேன்னா வண்டியே வேணாம்" என்கிறான். எனக்கு ராயல் என்ஃபீல்டின் ஹண்டர் அல்லது மீட்டியார் வாங்கலாம் என்று எண்ணம். ஹண்டர் லேசான வண்டி என்கிறார்கள், மீட்டியாரில் சீட் தாழ்வாக இருக்கிறது. முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. மலையில் பாதி வழியில் நின்றுபோகாத வண்டியாக வேண்டும். நீங்களும் அறுபதைத் தாண்டி பைக் ஓட்டுகிறவர் என்பதால் கேட்கிறேன். பழைய புல்லட்டை விற்றுவிடலாமா என்றும் சொல்லுங்கள்.

கே.எம்., தேனி

*

அன்புள்ள கே.எம்.,

ஹண்டர் லேசான வண்டி என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளில் அதுதான் எடை குறைந்தது: 181 கிலோ. மீட்டியார் 191, கிளாசிக் 195. ஆனால் உங்களிடம் இருக்கிற பழைய புல்லட் 160 கிலோ சொச்சம்தான் வரும். லேசான வண்டி என்று நினைத்து நீங்கள் வாங்கப்போவது, பங்கில் உங்களைச் சாய்த்த வண்டியைவிடக் கனமானது. செல்ஃப் ஸ்டார்ட், அதற்கேற்ற பேட்டரி, டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் (இறுக்கிப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் வழுக்குவதைத் தடுக்கிற ஏற்பாடு), அதிர்வைக் குறைக்க என்ஜினுக்குள் ஒரு பேலன்சர், கெட்டியான சேஸிஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து எடை ஏறிவிட்டது. ஓட்டுவதற்கு அவை பழையதைவிட எவ்வளவோ சுகம், மறுக்கவில்லை. உங்கள் பிரச்சினை ஓட்டும்போது வந்ததல்ல என்பதுதான் விஷயம்.

வண்டி உருள ஆரம்பித்துவிட்டால் எடை நமக்குத் தெரிவதே இல்லை. சக்கரமே அதைத் தாங்கிக்கொள்ளும். 195 கிலோ வண்டியை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதற்கு இருபது வயதுப் பையனின் தெம்பு தேவையில்லை. எடை தெரிவதெல்லாம் நிற்கும்போதும் உருட்டும்போதும்தான். கோயில் வாசலில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாக இழுக்கும்போது, சரிவில் யூ டர்ன் போடும்போது, வீட்டு வாசல் சரிவுப்பலகையில் ஏற்றும்போது, சென்டர் ஸ்டாண்டு போடும்போது. இந்த வேலைகளில்தான் இடுப்பும் முழங்காலும் போகின்றன. அதனால் ஷோரூமில் டெஸ்ட் ரைடைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாவியே போடாமல் வண்டியின் இடதுபக்கம் நின்று பத்தடி பின்னால் உருட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். கையால் தூக்காமல், ஸ்டாண்டின் மிதியில் முழு உடம்பையும் ஏற்றி நின்றால் வண்டி தானாக ஏற வேண்டும்; ஏறவில்லை என்றால் அது உங்களுக்கான வண்டி இல்லை. அப்புறம் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஊன்றி, வண்டியை மெதுவாக இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். விற்பனைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

சீட் உயரம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மீட்டியாரின் சீட் 765 மில்லிமீட்டர், கிளாசிக் 805. நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் நன்றாக எட்டுவதும், எட்டிய கால் தாங்குவதும் வேறு வேறு. 191 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பாதம் முழுக்கத் தரையில் இருந்தாலும் அறுபத்தாறு வயதுக் கால் அதை நிறுத்தாது. இன்னும் தாழ்வாக வேண்டுமென்றால் பஜாஜ் அவெஞ்சர் இருக்கிறது, 737 மில்லிமீட்டர். 160 மாடல் 156 கிலோதான். முழங்காலுக்கு அது நல்லது, முதுகுக்கு அல்ல. கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்க முடியாது, அடி நேராகத் தண்டுவடத்தில் ஏறும். நம் ரோடுகளுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. இன்னொன்று, சீட்டின் முன்பகுதி எவ்வளவு ஒடுக்கம் என்பதையும் பாருங்கள். அகலமான சீட் தொடையை விரித்துவிடும். 800 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒடுக்கமான சீட்டில், 780 உள்ள அகலமான சீட்டைவிடக் கால் நன்றாக ஊன்றுவதும் உண்டு.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வண்டித் தேர்வில் பாதி அவர்தான். சேலையில் ஒருபக்கமாக உட்காருகிறவர் என்றால், அவர் ஏறும் அந்த இரண்டு நொடியும் மொத்த எடையும் இடதுபக்கம் போகும். அதைத் தாங்குவது உங்கள் இடது கால் மட்டும். எனவே வாங்குவதற்கு முன் அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள், நான்கைந்து தடவை. சேலைக் காப்புக் கம்பி, அவர் கால் வைக்கும் பலகை, பிடித்துக்கொள்ளும் கம்பி மூன்றும் இருக்க வேண்டும்; சங்கிலிக்கு முழு மூடி இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டைலாக இருக்கிற பல வண்டிகளில் பின்சீட்டு என்ற பேரில் ஒரு கைக்குட்டை அளவு இடம்தான் விட்டிருக்கிறார்கள். அவற்றைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

சரி, எந்த வண்டி? நீங்கள் தனியாக டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் யோசிக்காமல் ஸ்ப்ளெண்டர் என்றிருப்பேன். 112 கிலோ, 785 மில்லிமீட்டர் சீட், ஸ்பேர் கிடைக்காத ஊர் கிடையாது. ஆனால் இரண்டு பேர், ஒரு பை, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் என்றால் அதன் 97 சிசி என்ஜின் ஏறும், முக்கிக்கொண்டுதான் ஏறும். எதிரே ஜீப் வரும்போது வேகம் பிடிக்க முடியாமல் திணறுவதும் ஒருவகை ஆபத்து. 125 சிசியில் ஷைன் மாதிரியான வண்டிகள் 115 கிலோவை ஒட்டி இருக்கின்றன, சமாளிக்கும். என் தேர்வு அதற்கும் ஒரு படி மேலே, 160 சிசி ஹோண்டா யூனிகார்ன். 140 கிலோவுக்குள் வருகிறது, சீட் 798. 13 குதிரைசக்தி சொச்சம். கிளாசிக்கோடு ஒப்பிட்டால் 55 கிலோ குறைவு, ஒரு முழு ஆளை இறக்கிவிட்ட மாதிரி. 2004இலிருந்து அந்தப் பெயரில் ஓடுகிறது, எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், ஆபீஸ் போகிறவர் வண்டி. யமஹா எஃப்இசட், சுசுகி ஜிக்ஸர் இரண்டும் இதே எடைக்குப் பக்கம்தான், ஆனால் பின்சீட்டு விஷயத்தில் யூனிகார்னே உங்கள் வீட்டுக்குத் தோது.

125 சிசிக்கு மேல் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஏபிஎஸ். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற ஏற்பாடு இருந்தால் போதும் என்று விதி வந்தது. மழை ஈரத்தில் மலை இறங்குகிறவருக்கு ஏபிஎஸ் வேண்டும். ஆனால் அதை நம்பிப் பங்கில் ஏமாந்துவிடாதீர்கள். நடக்கிற வேகத்தில் அது வேலை செய்யாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் முன் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி அப்படியே அந்தப் பக்கம் படுத்துவிடும். உங்கள் புல்லட்டின் டிரம் பிரேக் அவ்வளவு கடிக்காது, அதனால் இந்த அனுபவம் உங்களுக்கு இருக்காது. நிற்கும்போது ஹேண்டிலை நேராக்கி, கடைசி இரண்டடிக்குப் பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்துங்கள்.

பின் பிரேக் என்றதும் எனக்கு உண்மையான பயம் வருகிறது. முப்பத்தைந்து வருடங்களாக உங்கள் வலது கால் கியருக்கும் இடது கால் பிரேக்குக்கும் பழகியிருக்கிறது. புது வண்டிகள் எல்லாமே தலைகீழ், ராயல் என்ஃபீல்டு உட்பட. சாதாரணமாக ஓட்டும்போது ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு மாடு குறுக்கே வரும்போதுதான் தெரியும், மூளை கேட்காமல் கால் தானாகப் பழைய இடத்தை மிதிக்கும். பிரேக் என்று நினைத்து கியரை அமுக்கியிருப்பீர்கள். உங்களுடையதில் முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. யூனிகார்னில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. அதையும் கால் மறந்து படிக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க மனைவியை ஏற்றாதீர்கள், மலைப்பக்கமே போகாதீர்கள். விடிகாலையில் காலி மைதானத்திலோ பைபாஸ் ஓரமாகவோ, முப்பதில் போய் நிறுத்துவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சலிக்கும். சலிக்கிற வரைக்கும் செய்தால்தான் கால் படிக்கும்.

மலையில் நின்றுபோகாத வண்டி என்று கேட்டீர்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட, போடியில் அந்த வண்டியைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் அன்றைக்கே கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். 2020க்குப் பிறகு வந்த வண்டிகளில் அனேகமாக கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். காலைக் குளிரில் சோக் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பதிலுக்கு பேட்டரி செத்துப்போனால் வண்டியும் செத்தது. பேட்டரியை மூன்று நான்கு வருடத்துக்கொருமுறை, அது மக்கர் செய்வதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். டியூப்லெஸ் டயர் கட்டாயம். டியூப் டயர் என்றால் பஞ்சரானதும் சக்கரத்தையே கழற்ற வேண்டும், டியூப்லெஸ் ஆணியோடு கூட அடுத்த ஊர் வரை போகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மாதம் ஒருமுறை மலை ஏறுகிறவர்களுக்கு டயர் தேய்வதற்கு முன் காய்ந்துவிடும், அதனால் டயர் பட்டன் இன்னும் தேயவில்லையே என்று விட்டுவிடாமல் தேதியைப் பாருங்கள்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கிளட்ச் இல்லை, ஆக்டிவா 106 கிலோ. முழங்கால் இன்னும் மோசமானால் டவுனுக்கு அதுதான் சரி. மலைக்கு மட்டும் நான் சொல்ல மாட்டேன். சின்னச் சக்கரம் பள்ளத்தில் முழுக்க இறங்கும், இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைப் பிடிக்கிற வசதி கிடையாது. மூணாறிலிருந்து போடி வரை பிரேக்கை மட்டுமே அமுக்கிக்கொண்டு வந்தால் சூடேறி அது பிடிக்காமல் போகும்.

புல்லட்டை விட்டு இறங்கினால் கெத்து போய்விடும் என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்லக்கூடும். இந்த வண்டி 1950களில் சென்னை திருவொற்றியூர்த் தொழிற்சாலைக்கு வந்ததே எல்லையில் ரோந்து போகிற ராணுவத்துக்காக. இருபத்தைந்து வயது சிப்பாய்க்காகத் தேர்ந்தெடுத்ததை அறுபத்தாறில் தூக்க முடியவில்லை என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தூக்குவது என்றதும், அதற்கும் ஒரு முறை உண்டு. ஹேண்டிலைப் பிடித்து முன்னால் குனிந்து இழுத்தால் இடுப்பு போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை வைத்து உட்காருகிற மாதிரி தாழ்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வலதுபக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே நீட்டிவிட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் போய்விழும். 140 கிலோ வண்டியில் இது உங்களால் முடியும் என்றே நினைக்கிறேன். ஷோரூமில் சாய்த்துப் பார்க்க விடமாட்டார்கள், தெரிந்தவர் வண்டியில் மணல் தரையில் முயன்று பாருங்கள், பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு.

கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். புரை ஆரம்பித்திருந்தால் பகலில் தெரியாது, இரவில் எதிரே எல்இடி விளக்கு வரும்போது ரோடே வெள்ளையாகிவிடும். 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். பல இடங்களில் அது வெறும் கையெழுத்தாகத்தான் நடக்கிறது. நீங்கள் நிஜமாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

புல்லட்டை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் மனசுக்கு விட்டது. வலது கியர் வண்டியைத் தேடி வாங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள், ஆர்.சி. நடப்பில் இருந்தால் நல்ல விலையே போகும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கொருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், அது முடிந்திருந்தால் விற்பதற்கு முன் சரிசெய்துவிடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து துடைத்து வையுங்கள், ஆனால் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒருநாள் வலதில் பிரேக், மறுநாள் இடதில் பிரேக் என்று மாற்றி மாற்றி ஓட்டினால் புது வண்டியில் கால் படியவே படியாது.

அன்புடன்.