ஜாக் தி ரிப்பர் காலத்து இலண்டன் காவல் ஆணையர் சார்லஸ் வாரன் திறமையற்றவரா?

1888இல் இலண்டனில் பெண்களைத் தொடர்ந்து கொன்று, கடைசிவரை யாரென்றே தெரியாமல்போன ஜாக் தி ரிப்பரைப் பிடிக்க முடியாமல் பதவி விலகிய படை அதிகாரி என்று கேள்வியில் வாரனை அறிமுகப்படுத்தியிருக்கிறீர்கள். நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய நான், அவரை முதலில் அறிந்தது இலண்டன் வழியாக அல்ல, எருசலேம் வழியாக. ஆகவே என் பதில் அங்கிருந்தே தொடங்குகிறது.

1840இல் வேல்ஸின் பாங்கரில் பிறந்து இராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த வாரன், ஜிப்ரால்டர் பாறையை அளந்து முடித்த பின், 1867இல் பாலஸ்தீன ஆய்வு நிதியத்தின் சார்பில் எருசலேம் சென்றார். யூதர்களின் பழைய ஆலயம் இருந்ததும் இன்று மசூதிகள் உள்ளதுமான மதில் சூழ்ந்த ஹரம் வளாகத்துக்குள் தோண்டுவதற்கு, அன்று நகரை ஆண்ட ஒட்டோமான் அரசு அனுமதிக்கவில்லை. எனவே அதன் மதிலிலிருந்து தள்ளியிருந்த தனியார் நிலங்களை வாடகைக்கு எடுத்து, செங்குத்தாகக் குழி இறக்கி, அடியிலிருந்து பக்கவாட்டில் மரச்சட்டம் கொடுத்துச் சுரங்கம் வெட்டி, மதிலின் அடிக்கற்களைச் சென்றடைந்தார். தென்கிழக்கு மூலையில் அந்த ஆழம் சுமார் 80 அடி. நகரின் பழங்கால நீர்வழியான சீலோவாம் சுரங்கத்தில் நீர் ஏறக்குறைய கூரையைத் தொட்ட இடங்களில், கைகளில் திசைகாட்டியும் பென்சிலும் குறிப்பேடும் இருந்ததால் மெழுகுவத்தியை வாயில் கவ்வியபடி ஊர்ந்து சென்று அளவெடுத்தார். வெயிலில் நின்று அளவைச் சங்கிலி பிடிப்பதே எத்தனை பாடு என்று அறிந்த எனக்கு, அந்த மனிதர்மீது ஏற்பட்ட மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை விரைவாகவே சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் எல்லை வரையறுத்தார். அங்குள்ள கிரிக்வாலாந்து வெஸ்ட் பகுதியை நிர்வகித்தார். 1882இல் சினாய்ப் பாலைவனத்தில் கொல்லப்பட்ட பேராசிரியர் பால்மர் குழுவினரின் எச்சங்களைத் தேடிக் கண்டெடுத்து, கொலையாளிகளை நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார். 1885இல் அதன் வடக்கே இருந்த பெச்சுவானாலாந்துப் பகுதிக்கு 4,000 பேருடன் சென்று போரின்றியே பணியை முடித்தார். அதே ஆண்டு ஷெஃபீல்டில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1886 பிப்ரவரியில் இலண்டன் மேற்குப் பகுதியில் கலவரம் மூண்டு பழைய ஆணையர் ஹெண்டர்சன் பதவி விலகியபோது, செங்கடல் கரையில் சுவாகின் துறைமுகப் படைக்குத் தலைமையேற்றிருந்த வாரனை அழைத்துப் பெருநகரக் காவல்துறையை ஒப்படைத்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து. பாலைவனத்தில் அவர் வைத்ததே சட்டம். இலண்டனிலோ உள்துறை அமைச்சர் மேத்யூஸுக்கும் பத்திரிகைகளுக்கும் பொதுமக்களுக்கும் அன்றாடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1887 நவம்பர் 13 அன்று, தடையை மீறி டிரஃபால்கர் சதுக்கத்தை நோக்கி வந்த வேலையற்றோரையும் சோசலிஸ்டுகளையும் காவலர்களும் படையினரும் அடித்துக் கலைத்த நிகழ்வு, 'இரத்த ஞாயிறு' என்ற பெயருடன் அவரது கணக்கில் எழுதப்பட்டது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

1888 செப்டம்பர் 30 விடியற்காலையில் நடந்ததைப் பற்றி மட்டும் எனக்கு இரு மனம் உண்டு. அன்றிரவு ரிப்பரால் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டிருந்தனர். கௌல்ஸ்டன் தெருவில், கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் ஏப்ரனிலிருந்து (இடுப்பின் முன்புறம் கட்டும் துணி) கிழிந்த, இரத்தம் தோய்ந்த துண்டு கிடந்த வாசலில், யூதர்களைக் குறிப்பதாகத் தோன்றிய ஒரு வரி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. பொழுது விடிந்தால் யூதக் குடியிருப்புகள் தாக்கப்படும் என்று அஞ்சிய வாரன், நேரில் வந்து, புகைப்படம் எடுப்பதற்குக்கூடக் காத்திராமல் அதை அழிக்கச் செய்தார். அந்த அச்சம் உண்மையானது. உயிர்களை எண்ணியே அவர் அப்படிச் செய்தார். ஆனால் அளவையாளனாக என்னால் அதை ஏற்க முடியவில்லை, ஏனெனில் காவலர்கள் தனித்தனியே எழுதி வைத்த படிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எந்தப் படி சரி என்று சோதித்துப் பார்க்கச் சுவரில் இப்போது எதுவும் இல்லை.

அவர் பதவி விலகியதற்கு நேரடிக் காரணம் ரிப்பர் அல்ல. 1888 நவம்பரில் ஒரு மாத இதழில் காவல்துறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். முன் அனுமதியின்றி எழுதக் கூடாது என்ற விதியை அமைச்சகம் சுட்டிக்காட்டியதும், அந்த விதி தன்னைக் கட்டுப்படுத்தும் என்று முன்பே தெரிந்திருந்தால் பதவியையே ஏற்றிருக்க மாட்டேன் என்று பதில் எழுதி விலகினார். ரிப்பரால் மேரி கெல்லி என்ற பெண் கொல்லப்பட்ட நவம்பர் 9ஆம் நாளை ஒட்டியே அந்தச் செய்தி ஊருக்குத் தெரிந்ததால், இரண்டும் ஒன்றாக முடிச்சிடப்பட்டன.

பிறகு சிங்கப்பூரில் படைத்தலைமை ஏற்றார். உண்மையான தோல்வி 1900 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுடன் நடந்த போரில், நேட்டாலின் ஸ்பியான் கோப் குன்றில் நேர்ந்தது. சரியான வரைபடம் இல்லாமல் இரவில் ஏறிய அவரது படை, மூடுபனி விலகிய பிறகே தான் நிற்பது போயர்களின் துப்பாக்கிகளுக்கு எதிரே திறந்து கிடக்கும் இடம் என்பதை உணர்ந்தது. வாழ்நாளெல்லாம் நிலத்தை அளந்தவருக்கு, அளக்கப்படாத ஒரு குன்றில் இப்படி நேர்ந்தது என் மனத்தை உறுத்துகிறது. அந்தப் போர்முனையில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி அமைத்த இந்தியத் தொண்டர் படையினரும் இருந்தனர். அந்தப் படையில் பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள்.

வாரன் 1927இல் காலமானார். அவர் பெயரால் அழைக்கப்படும் எருசலேம் செங்குத்துக் குழி இயற்கையாக உண்டான பிளவு என்று பிற்கால அகழாய்வாளர்கள் விளக்கியுள்ளனர். ஆனால் ஹரம் மதிலின் அடியில் அவர் எடுத்த அளவுகள் சிலவற்றை மீண்டும் எடுத்துப் பார்க்க இன்றுவரை எவருக்கும் வாய்க்கவில்லை. ஆய்வாளர்கள் அவரது வரைபடங்களைத்தான் விரித்து வைத்துக்கொள்கிறார்கள்.