கோபியிலிருந்து ஃபிலிம் ஸ்கூலுக்கு எழுதப் போகும் தங்கைக்கு

“அக்கா, எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். பி.காம். முடித்துவிட்டு இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்துக்கும் நியூயார்க்கில் இருக்கும் என்.ஒய்.யு.வுக்கும் சினிமாவில் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் படிப்புக்குப் போடலாம் என்றிருக்கிறேன். நல்ல கன்சல்டன்சி எது? என்ன கேமரா வாங்குவது? அங்கே குளிர், சாப்பாடு எல்லாம் எப்படி?” என்று கேட்டிருக்கிறாய்.

கேமராவை விடு கண்ணு, கையில் இருக்கிற ஃபோனே போதும். குளிர் நியூயார்க்கில்தான் உண்டு, லாஸ் ஏஞ்சலஸில் பெரிதாக இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொள். கன்சல்டன்சி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

நான் கிளம்பிய சமயத்தில் கோவையில் ஒரு கன்சல்டன்சியில் என்னிடமும் ஒரு மாதிரிக் கட்டுரையை நீட்டினார்கள். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்காக எழுதி வைத்திருந்தது. கம்ப்யூட்டர் என்று இருந்த இடத்திலெல்லாம் சினிமா என்று மாற்றியிருந்தார்கள். ‘சிறு வயது முதலே தீராத ஆர்வம்’ என்று தொடங்கி, ‘உங்கள் உலகப் புகழ் பெற்ற நிறுவனத்தில்’ என்று முடிந்தது. பேரையும் ஊரையும் நிரப்பினால் போதுமாம். ஃபைலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டிய அட்வான்ஸைக் கடைசி வரைக்கும் திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் அந்த மாதிரி இடங்களுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்தப் பள்ளிகளில் மார்க்கைப் பார்க்கிறார்கள்தான். ஆனால் உள்ளே எடுப்பதா வேண்டாமா என்பது நீ எழுதி அனுப்பும் கட்டுரையிலும், கதையிலும், சில நிமிஷப் படத்திலும்தான் இருக்கிறது. உலகம் முழுக்க இருந்து வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்து அலுத்தவர்கள் அவர்கள். கூலிக்கு எழுதிய கட்டுரை முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எங்களுக்குச் சோமனூர்ப் பக்கம். அப்பா தறிக்குடோன் வைத்திருந்தார். 2012இல் நம் பக்கம் கரண்ட் போன கதை உனக்கும் நினைவிருக்கும், நாளில் பாதி நேரம்கூட இருக்காது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் குடோனில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், இல்லையென்றால் கைச்சாடை. திடீரென்று கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றுவிடும். ஆனால் ஆட்களின் குரல் உடனே இறங்காது. சீட்டுப் பணத்தைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் அதே சத்தத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தன் குரல் தனக்கே கேட்டு, சட்டென்று தணித்துக்கொள்வார்கள். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் எடுத்து அனுப்பினேன். அதில் கதை இல்லை, பாட்டு இல்லை, மேலே போட்ட இசையும் இல்லை. நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வந்தது: சத்தம் நின்ற இடத்தில் ஏன் வெட்டவில்லை என்று கேட்டார்கள். இன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பர்பேங்க்கில் சவுண்ட் எடிட்டராக இருக்கிறேன், எடிட்டர்களின் தொழிற்சங்கமான எடிட்டர்ஸ் கில்டில் உறுப்பினர். எல்லாம் அந்தத் தறிச் சத்தத்தில் பழகிய காதுதான்.

உன் குறும்படங்களில் ஒன்று காதல் தோல்வி, இன்னொன்று போலீஸ் கதை என்று எழுதியிருக்கிறாய். அனுப்பலாம். ஆனால் கோபியில் இருந்துகொண்டு, வாய்க்கால் பாசனமும் மஞ்சள் வேக வைக்கும் அடுப்பும் பக்கத்திலேயே இருக்கும்போது, உனக்குத் தெரியாத போலீஸ் ஸ்டேஷனை ஏன் எடுக்கிறாய்? கோபியில் வந்து படம் பிடிக்காத யூனிட் குறைவு. அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த வயலில் என்ன நடக்கிறது என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஏதோ பட்டிக்காட்டிலிருந்து போய்க் கதவைத் தட்டுகிறோம் என்று கூச்சப்படாதே. யு.எஸ்.சி.யில் சினிமாப் படிப்பு தொடங்கியது 1929இல். அங்கே படித்த எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியாவுக்கு வந்து, எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படத்தை இயக்கினார். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக மந்திரி குமாரி எடுத்தார். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இலேயே வெரைட்டி ஹால் கட்டிவிட்டார். இந்த அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் நம் பக்கம் வந்து படம் எடுத்திருக்கிறார் என்று இங்கே சொன்னால் வகுப்பில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் சொல்லாமல் விட்டதில்லை.

சரி, பணம். இதை அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000 டாலருக்குக் குறையாது. மூன்று ஆண்டுக்கு 2 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு மேல் இறுதி ஆண்டுப் படத்துக்குப் பெரும்பாலும் நீதான் பணம் போட வேண்டும். பேங்க்காரர் ஈடு கேட்பார். தோட்டத்துப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதே. உதவித்தொகை என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: யு.எஸ்.சி.யில் வகுப்புக்காக எடுக்கும் படத்தின் உரிமை பல்கலைக்கழகத்துக்கு, என்.ஒய்.யு.வில் அது மாணவருக்கு. சேரும் முன்பே விதிகளில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடு.

படித்து முடித்தால் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி, ஓ.பி.டி. என்பார்கள், 12 மாதம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் நீளும். சினிமாப் பட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அந்த 12 மாதத்திலும் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. சினிமா வேலையோ ஒரு வாரம் இருக்கும், இரண்டு வாரம் இருக்காது. நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். ஹெச்-1பி என்ற வேலை விசா கொடுக்கிற கம்பெனி இந்தத் தொழிலில் அரிது, ஓ-1 என்று இன்னொரு விசா இருக்கிறது, அதற்குப் பேர் வாங்கிய வேலை காட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்து வந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கும் சென்னை தரமணி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கும் சேர்த்து எழுது. புனேயில் 1960இலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள், செலவு இங்கே ஆவதில் ஒரு துளி. முதல் தடவை கிடைக்காவிட்டால் மறுபடி எழுது. போலந்தின் பெரிய இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கிக்கே அந்த நாட்டு வூட்ஜ் ஃபிலிம் பள்ளியில் மூன்றாவது தடவைதான் இடம் கிடைத்தது.

வந்து சேர்ந்தால், இங்கே இருக்கும் நம் ஆட்கள் பொங்கல் விழாவில் கூப்பிட்டு உட்கார வைத்து, “இதெல்லாம் எதுக்கு, ஆறு மாசம் டேட்டா சயின்ஸ் பண்ணிடேன்” என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், வாடகை கட்ட முடியாத மாதத்தில் சொன்னார்கள், அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பதினைந்து, இருபது வருஷம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர் பேர் தெரியாதவர்கள் அவர்களில் உண்டு. நான் வந்த முதல் வருஷமே பஸ்ஸில் போகப் பழகி, ஸ்பானிஷில் நாலு வார்த்தை கற்று, பிறகு ஃப்ரீவேயில் கார் ஓட்டவும் பழகிக்கொண்டேன். ஊர்க்காரர்களோடு மட்டும் இருந்துவிடாதே. வேலை வருவது உன்கூடப் படிப்பவர்களிடமிருந்துதான்.

என் இறுதி ஆண்டுப் படத்துக்கு யூனிட்டுக்குச் சாப்பாடு வாங்கக் காசில்லை. விடியற்காலை எழுந்து பெரிய குண்டாவில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, மேலே நெய் விட்டு, தயிரும் அப்பளமும் வைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு பூம் மைக் பிடித்தவள் ஒரு கொரியப் பெண். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். என் முதல் சம்பள வேலையைச் சொல்லிவிட்டது அவள்தான். இப்போதும் அவள் படத்துக்கு நான்தான் சவுண்ட்.

கட்டுரையை முதலில் தமிழிலேயே எழுது. எழுதி எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன். பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளுக்கு நவம்பர், டிசம்பர் வாக்கில் கடைசித் தேதி வந்துவிடும், ஆடி பிறக்கும்போதே ஆரம்பித்துவிடு.