எண் உரிந்த ஜெர்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர் வாலிபால் அணிக்காக, இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணத்தில் திருப்பூர் நிறுவனம் ஒன்றிடம் 14 செட் ஜெர்சிக்கு ஆர்டர் கொடுத்தோம். செட் 650 ரூபாய் வீதம் 9,100 ரூபாய். பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில்தான். ‘சப்ளிமேஷன் பிரிண்ட், சாயம் போகாது’ என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது சலவையிலேயே முதுகு எண்கள் உரியத் தொடங்கிவிட்டன. சிவப்புச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கிவிட்டது. கேட்டால், ‘ஆர்டருக்குத் தைத்ததைத் திரும்ப வாங்க மாட்டோம், நீங்கள் வெந்நீரில் துவைத்திருப்பீர்கள்’ என்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?
(அணிச் செயலாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: முதலில் ஒரு ஜெர்சியை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். சப்ளிமேஷனில் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் வெள்ளை பாலியஸ்டர் துணியின்மேல் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். அதனால் துணியின் உள்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். எண்ணின்மேல் விரலை ஓட்டினால் துணியைத் தவிர வேறெதுவும் தட்டுப்படாது. உங்கள் ஜெர்சி உள்ளேயும் சிவப்பாக இருந்து, எண்ணின் ஓரம் நகத்தில் இடறினால், அது சாயம் தோய்த்த துணியில் சூடு வைத்து ஒட்டிய ஸ்டிக்கர். சப்ளிமேஷன் எண்ணுக்கு உரிவதற்கென்று ஒரு படலமே கிடையாது. ஆகவே நீங்கள் வெந்நீரில் துவைத்தீர்களா என்பதல்ல இங்கே கேள்வி. சொன்ன பொருள் ஒன்று, அனுப்பிய பொருள் வேறு.

ஆர்டருக்குத் தைத்தது என்ற வாதம், நீங்கள் தவறான சைஸ் கொடுத்திருந்தாலோ நிறம் பிடிக்கவில்லை என்றாலோ எடுபடும். குறையுள்ள பொருளுக்கு அது கவசமாகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. ஜெர்சிகளை நீங்கள் விற்பதற்கு வாங்கவில்லை, அணிந்து விளையாட வாங்கினீர்கள். எனவே நீங்கள் நுகர்வோர்தான்.

உரிந்த ஜெர்சிகளை அயர்ன் செய்து ஒட்டப் பார்க்காதீர்கள், மறுபடி துவைக்கவும் வேண்டாம். அப்படியே எடுத்து வைத்துப் படம் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். பில் இல்லாத குறையை இவைதான் ஈடுகட்டும். பிறகு, 15 நாளில் புதிய ஜெர்சி தர வேண்டும், இல்லையென்றால் 9,100 ரூபாயைத் திருப்ப வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்காகத் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தொகை சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கூலி வேலைக்குப் போகிற பையன்கள் சேர்த்துக் கொடுத்த பணம் அது.

அடுத்த முறை முழு ஆர்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு பீஸைத் தைத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கான விலையைக் கொடுத்துவிடலாம், தவறில்லை. அந்தப் பீஸை வீட்டில் மூன்று முறை துவையுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். தையல் ஓரத்துத் துணியிலிருந்து (தையல் நூலை அல்ல) ஒரு இழையை உருவிக் கொளுத்தினால் உருகி மணிபோல் திரள்வது பாலியஸ்டர், காகிதம்போல் எரிந்து சாம்பலாவது பருத்தி. பருத்தி இழையில் சப்ளிமேஷன் நிலைக்காது. எல்லாம் சரியாக இருந்தால், ‘இந்த சாம்பிளைப் போலவே’ என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி மாணவிகளின் வாலிபால் அணிக்கு ஜெர்சி தைக்கக் கொடுக்கப் போகிறேன். எண்ணின் அளவைக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
(உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு)

பதில்: சர்வதேச வாலிபால் விதிப்படி மார்பு எண்ணின் உயரம் குறைந்தது 15 சென்டிமீட்டர், முதுகு எண்ணின் உயரம் 20 சென்டிமீட்டர், எண்ணின் கோடு 2 சென்டிமீட்டர் அகலம். ‘பெரிய எண்’ என்று எழுதாமல் இந்த அளவுகளையே எழுதிக் கொடுங்கள். பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரரான லிபரோவின் சட்டை மற்றவர்களிடமிருந்து நிறத்தில் தெளிவாக வேறுபட வேண்டும். அந்த நிறத்தில் இரண்டு தைத்துக்கொண்டால் மாற்று லிபரோவுக்கும் ஆகும். வயதைச் சொல்லி சைஸ் வாங்காதீர்கள், ஒவ்வொரு மாணவியின் மார்பளவையும் எடுத்துக் கொடுங்கள். வெளிர் நிறம் என்றால் சாம்பிளை நனைத்து உள்ளங்கையின்மேல் விரித்துப் பாருங்கள். கைரேகை தெரிந்தால், இன்னும் கனமான துணி கேளுங்கள். வியர்வையில் நனையும்போது அந்தப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் விளையாட வேண்டும்.