எதில் அனுப்புவது? வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்பவர்களின் கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான். கையில் இத்தனை நம்பர் இருக்கிறது, எதில் அனுப்பினால் நல்லது? எதில் என்பதற்கு முன்னால், அந்த ஆள் உங்களிடம் "அனுப்புங்கள்" என்று சொன்னாரா என்று பாருங்கள். செலவு, தடை, போய்ச் சேருவது எல்லாமே அதைப் பொறுத்துத்தான்.

ஈரோட்டில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜ் பலருக்கும் தனித்தனியாகப் போகும் பட்டியல்) போட்டுப் புது வரவுப் படங்கள் அனுப்புகிறேன். 600 பேர் இருந்தும் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் போகிறது. போனில் கோளாறா?

போனில் ஒன்றுமில்லை. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அவர் நம்பரை நீங்கள் சேமித்திருப்பது கணக்கில் வராது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதனால் மூன்று லிஸ்ட் போட்டிருப்பீர்கள், நான்காவது போட்டாலும் இதே கதைதான். என்னைக் கேட்டால் இது இலவசமாகக் கிடைத்த சல்லடை, சேமித்து வைத்திருக்கும் அந்த நூற்றுச் சொச்சம் பேர்தான் உங்களிடம் திரும்ப வாங்கப்போகிறவர்கள்.

மற்றவர்களைச் சேர்க்க ஒரு வழி, பார்சலுக்குள் கியூஆர் கோடு போட்ட சின்னச் சீட்டு. ஸ்கேன் செய்தால் உங்கள் சாட் திறக்கும், "புது சேலை வந்தால் சொல்லுங்கள்" என்ற வரி எழுதியே இருக்கும், அவர் அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். இந்த வசதி பிசினஸ் ஆப்பிலேயே இருக்கிறது. அந்த மெசேஜ் வந்ததும், கடை பெயரில் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் படம் வரும் என்று கேட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸ் தெரிவதற்கும் இதேபோல இரண்டு பக்கமும் சேமித்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி எல்லாவற்றையும் இதிலேயே ஓட்டலாம். ஏபிஐ, அதாவது கம்பெனிகள் மொத்தமாக மெசேஜ் அனுப்ப வாட்ஸ்அப் காசுக்குத் தரும் இணைப்பு, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

திருச்சியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை. வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தேன். இப்போது பக்கத்துத் தெருக் கடைக்காரர் அவர்களுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புகிறார். சேனலுக்கு மாறலாமா?

அவரும் உங்கள் குரூப்பில் இருந்திருப்பார், வேறென்ன. குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், கேட்காமல் சேர்த்திருந்தால் வாடிக்கையாளருக்கு உங்கள் மேலும் கோபம் இருக்கும். சேனலில் அந்தத் தொல்லை இல்லை, பின்தொடர்கிறவர் யார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் அது சாட்களோடு வராமல் அப்டேட்ஸ் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர் பார்ப்பார். சாட் மாதிரி பதிலுக்குப் பதில் பேசவும் முடியாது, பெரும்பாலும் ஸ்மைலி போடுவதோடு சரி. எண்ணெய் வாங்குகிறவருக்கு "அஞ்சு லிட்டர் நாளைக்கு வேணும்" என்று எழுத ஓர் இடம் வேண்டுமே! அதனால் சேனலை விலைப்பலகை மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவின் கீழும் உங்கள் சாட் லிங்க்கைக் கொடுங்கள். பழைய குரூப்பை ஒரு அறிவிப்புப் போட்டுக் கலைத்துவிடுங்கள்.

1,500 ரூபாய்க்கு ஒரு சாஃப்ட்வேர், பத்தாயிரம் பேருக்கு அனுப்பலாம், நம்பரும் அவர்களே தருவார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் நம்பர் முடங்கும். 2021-இல் வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளுக்குப் பிறகு, இந்தியாவில் தடை செய்த கணக்குகளின் எண்ணிக்கையை வாட்ஸ்அப்பே மாதாமாதம் வெளியிடுகிறது, எல்லாம் லட்சக்கணக்கில். கடைப் பலகையிலும் பையிலும் பில்லிலும் அச்சடித்த நம்பர் அதில் போனால் சாஃப்ட்வேர்க்காரர் வந்து எடுத்துத் தரமாட்டார். அப்புறம், அவர் விற்கிற நம்பர்களுக்குச் சொந்தக்காரர் யாரும் உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

கோவையில் பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம், 3,000 கடைக்காரர்கள் வாடிக்கையாளர்கள். ஏபிஐ எடுத்தால் எவ்வளவு ஆகும்? கட்டுப்படியாகுமா?

உங்கள் அளவுக்கு யோசிக்கலாம். முதலில் விலை. 2025 ஜூலை 1 முதல் வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டா, ஒவ்வொரு டெம்ப்ளேட் (முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கிய) மெசேஜுக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறது, அதற்கு முன் 24 மணிநேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்று இருந்தது. இன்னும் பழைய கணக்கைக் காட்டுகிற விற்பனைப் பிரதிநிதியிடம் உஷாராக இருங்கள். இந்திய நம்பருக்கு ஒரு மார்க்கெட்டிங் மெசேஜ் ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஜிஎஸ்டியும், ஏபிஐயை எடுத்துத் தரும் இடைக் கம்பெனியின் பங்கும் சேர்ந்தால் ரூபாயைத் தாண்டும், மாத வாடகை தனி. ஆக ஒரு தடவை எல்லோருக்கும் அனுப்ப மூவாயிரத்துச் சொச்சம். ஆர்டர் உறுதி, லாரி கிளம்பியது, பாக்கி நினைவூட்டல் போன்ற யூட்டிலிட்டி மெசேஜுக்கு இதைவிட மிகக் குறைவு. அதில் "இந்த வாரம் 10% தள்ளுபடி" என்று ஒரு வரி நுழைத்தீர்களானால் மெட்டா அதை மார்க்கெட்டிங் வகைக்கு மாற்றி அந்தக் காசை வாங்கிவிடும்.

நிறையப் பேர் கவனிக்காத விஷயம் இனிமேல்தான். கடைக்காரர் உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டால் 24 மணிநேரம் கதவு திறந்திருக்கும். அதற்குள் நீங்கள் சாதாரணமாக எழுதும் பதில்களுக்குக் கட்டணமே இல்லை, யூட்டிலிட்டி டெம்ப்ளேட்டும் இலவசம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை அழுத்தி உங்கள் சாட்டுக்கு வந்தவர் என்றால், நீங்கள் ஒரு நாளுக்குள் பதில் சொன்னால் 72 மணிநேரம் கிடைக்கும். எனவே 3,000 பேருக்கும் வாராவாரம் அனுப்புவதைவிட, மாதம் ஒரு தடவை "புது விலைப்பட்டியல் வேண்டுமா?" என்று பட்டனோடு கேளுங்கள். அழுத்தியவருக்கு அந்த 24 மணிநேரத்துக்குள் நீங்கள் எழுதுகிற பதில் எல்லாம் இலவசமாகப் போகும்.

தொடங்கியதும் 3,000 பேருக்கும் அனுப்ப முடியாது. புதுக் கணக்குக்கு 24 மணிநேரத்தில் 250 பேர்தான், உங்கள் கம்பெனியை மெட்டா சரிபார்த்து முடித்து, உங்கள் நம்பருக்கு அது போடும் தரமும் நன்றாக இருந்தால் எல்லை ஏறும். பிளாக் செய்கிறவர்கள் கூடினால் தரம் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு என்று இறங்கும். முன்பு ஆப்பை விட்டால்தான் ஏபிஐ, இப்போது அதே நம்பரை இரண்டிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துத் தரத் தெரியாத கம்பெனியிடம் போகாதீர்கள்.

ஏபிஐயில் 2,000 பேருக்கு அனுப்பினேன், 1,300-தான் போயிருக்கிறது. கேட்டால் "மெட்டா நிறுத்திவிட்டது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் உண்மைதான். எல்லாக் கம்பெனிகளிடமிருந்தும் சேர்த்து ஒருவருக்கு எத்தனை மார்க்கெட்டிங் மெசேஜ் போகலாம் என்று வாட்ஸ்அப் ஓர் எல்லை வைத்திருக்கிறது. உங்களுக்கு முன் நகைக்கடையும் கடன் கம்பெனியும் அந்த இடத்தைப் பிடித்திருப்பார்கள், குறிப்பாகப் பண்டிகை வாரத்தில். போய்ச் சேராததற்கு மெட்டா காசு எடுப்பதில்லை, உங்கள் கம்பெனி எடுத்திருந்தால் சண்டை போடுங்கள். உடனே திரும்ப அனுப்பாதீர்கள், சில நாள் விட்டு அனுப்புங்கள். சாட்டில் உங்களோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு இந்த எல்லை இடைஞ்சல் செய்யாது.

மதுரையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். டெலிகிராமா, வாட்ஸ்அப்பா?

டெலிகிராம், யோசிக்கவே வேண்டாம். சேனலுக்கு ஆள் எண்ணிக்கை எல்லை கிடையாது, பெரிய பிடிஎஃப் போகும், புதிதாகச் சேர்பவரும் பழைய வினாத்தாளைத் தேடி எடுப்பார், மெசேஜுக்குக் காசும் இல்லை. பாட் (தானாகப் பதில் சொல்லும் கணக்கு) வைத்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும், மாணவர் முதலில் ஸ்டார்ட் அழுத்தாமல் பாட் தானாகப் போய்ப் பேசாது. கட்டணம் கேட்பதை மட்டும் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், டெலிகிராமை அவர்கள் திறப்பது அபூர்வம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கிழங்கு மா, மிளகாய்த்தூள் அனுப்புறம். வாடிக்கையாளர் முழுக்க கனடாவும் லண்டனும். ஏபிஐ கட்டணம் எங்கட நாட்டுக் கணக்கா, அவையின்ர கணக்கா?

வாங்குகிறவரின் நம்பர் எந்த நாட்டுக் குறியீடோ அந்த நாட்டுக் கட்டணம். லண்டன் நம்பருக்கு இந்தியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகும், கனடாவும் மலிவில்லை. அமெரிக்க நம்பர்களுக்கு மார்க்கெட்டிங் டெம்ப்ளேட் அனுப்புவதை 2025 ஏப்ரலில் மெட்டா நிறுத்தியது. கனடாவுக்கும் +1 தான் என்றாலும் பகுதிக் குறியீட்டை வைத்துப் பிரிப்பார்கள், உங்கள் கனடாக்காரர்களுக்குப் போகும். நூற்றுக்கணக்கில்தான் ஆட்கள் என்றால் பிசினஸ் ஆப்பே போதும், அதில் நாடு பார்த்துக் காசு கேட்பதில்லை. ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன அந்தக் கியூஆர் சீட்டை ஒவ்வொரு பொதியிலும் வையுங்கள்.