அன்னபூர்ணா சுற்று: எந்தக் காலணி, எவ்வளவு சுமை?

கேள்வி: வயது 44, ஊர் மதுரை. அக்டோபர் நடுவில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்து, தோரோங் லா கணவாயைக் கடந்து முக்திநாத் போகத் திட்டம். 65 லிட்டர் பையும், கணுக்காலை மூடும் கனமான தோல் பூட்டும் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டும் தேவையா? எதை இங்கேயே வாங்கலாம், எதைக் காத்மாண்டில் வாடகைக்கு எடுக்கலாம்?

பதில்: இரண்டும் தேவையில்லை. வழி நெடுக ஊருக்கு ஊர் தங்கும் விடுதியும் சாப்பாடும் கிடைக்கும். கூடாரம், அடுப்பு, பாய் எதையும் சுமக்கப் போவதில்லை. 40 முதல் 45 லிட்டர் பை தாராளம். 65 லிட்டர் வாங்கினால் மிச்ச இடத்தில் எதையாவது திணிக்கத்தான் தோன்றும். தண்ணீரும் நொறுக்குத் தீனியும் நீங்கலாகப் பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. 2 லிட்டர் தண்ணீர் ஏறினாலே 9 கிலோ ஆகிவிடும்.

இந்தப் பாதைக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பெசிசஹார் பக்கமிருந்து மனாங் (3,540 மீட்டர்) வரை பல நாள் நடை. பகலில் இதமான வெயில், காலடியில் மண்பாதையும் ஜீப் சாலையும். 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லாவைக் கடப்பது ஒரே ஒரு விடியற்காலை. காலணியை அந்தப் பல நாட்களுக்காக வாங்குங்கள், குளிர் உடுப்பை அந்த ஒரு காலைக்காக வாங்குங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கணவாய்ப் பனியை நினைத்துக் கனமான பூட்டு, கையுறையோ மெல்லிய கம்பளி.

தோல் பூட்டு ஒரு ஜோடி ஒன்றரைக் கிலோவை எட்டும்; மலைப்பாதையில் ஓடுவதற்கான ட்ரெயில் ரன்னிங் ஷூ 600, 700 கிராம்தான். காலில் கட்டிய எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும் என்பதால், முதுகில் உள்ள அதே எடையைவிட அது அதிகம் களைக்க வைக்கும். கணுக்கால் சுளுக்காமல் இருக்க உயரமான பூட்டை மட்டும் நம்ப முடியாது. பலமான கணுக்காலும் குறைந்த சுமையும்தான் பெரிய பாதுகாப்பு. ஏற்கெனவே சுளுக்கிய கால் என்றால் மட்டும் நடுத்தர உயரமுள்ள இலகு பூட்டு எடுங்கள்.

காலணியை மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்து வீங்கிய பாதம்தான் சரியான அளவு காட்டும். தடித்த காலுறை போட்டு, வழக்கத்தைவிட அரை அல்லது ஒரு எண் பெரிதாக எடுத்து, சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அது வேண்டாம். கணவாயிலிருந்து முக்திநாத் வரை ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் இறக்கம். நகம் கறுத்துப் போவது அங்கேதான். நகத்தை இரண்டு நாள் முன்னரே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது மேல் துளைகளில் கயிற்றைச் சுற்றிப் பூட்டிக் குதிகாலை இறுக்குங்கள்.

உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்துத் தைத்த கோர்டெக்ஸ் ஷூ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மேல் விளிம்பு வழியாக உள்ளே போன தண்ணீரை அந்தச் சவ்வு வெளியே விடாது, வியர்வையும் தேங்கும். அக்டோபர் நடுவில் பருவமழை ஓய்ந்திருக்கும். சீக்கிரம் காயும் சாதாரண வலை ஷூவே மேல். கணவாயில் பனி கிடந்தால் ஷூவுக்கு மேல் மாட்டும் சிறிய இரும்புப் பல் பட்டையும், காலுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் போதும். புதுமழைபோல் பனி கொட்டினால் எந்தக் காலணியும் உதவாது. 2014 அக்டோபர் புயலில் நேபாளத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் தோரோங் லாவைச் சுற்றித்தான். அப்படி வானிலை என்றால் கணவாய் அடிவாரத் தங்குமிடமான ஃபேதியில் காத்திருப்பது, அல்லது திரும்புவது. அதற்காகத் திட்டத்தில் இரண்டு உபரி நாள் வையுங்கள்.

கொப்புளத்துக்குக் காரணம் உராய்வு; வெப்பமும் ஈரமும் அதைக் கூட்டும். மெரினோ கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. பருத்தி வேண்டவே வேண்டாம். ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்த அந்த நிமிடமே நின்று, காய்ந்த தோலில் ஜிங்க் ஆக்சைடு டேப் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஊரில் கொப்புளம்தான் இருக்கும். புறப்படும் முன் அதே ஷூ, அதே பை, அதே எடையோடு சிறுமலையிலோ பழனிப் படிகளிலோ பல முறை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதே பயிற்சி.

உடுப்புக்கு வருவோம். விடிவதற்கு முன் கிளம்பும்போது காற்றோடு சேர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் கீழே உணரலாம். உள்ளே மெரினோ அல்லது பாலியெஸ்டர் பனியன், மேலே ஃபிலீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் தடுக்கும் ஜாக்கெட். இறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்வையில் இறகு கட்டிபட்டுச் சூடு தராமல் போகும். நிற்கும்போது போட்டு, நடக்கும்போது கழற்றுங்கள். கைக்கு மெல்லிய உள்ளுறையும், அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறையும் வேண்டும். முதலில் மரத்துப் போவது விரல் நுனிதான்.

காத்மாண்டின் தமேல் கடைவீதியில் வாடகைக்கு எடுக்க ஏற்றது தூங்கும் பையும் இறகு ஜாக்கெட்டும். தூங்கும் பையில் 'கம்ஃபர்ட்' என்று போட்ட வெப்பநிலையை மட்டும் பாருங்கள். அதற்குக் கீழே போட்டிருக்கும் 'எக்ஸ்ட்ரீம்' எண் உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவல்ல. விடுதிப் போர்வையும் சேர்ந்தால் கம்ஃபர்ட் மைனஸ் 5 போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், இறகு ஓரம் ஒதுங்கி நடுவில் வெறுமையாகத் தெரிந்தால் வேறு கேளுங்கள். ஜிப்பை மேலும் கீழும் நாலு முறை ஓட்டிப் பாருங்கள். பிரபல பிராண்ட் பெயரில் விற்கும் போலிகளில் ஃபிலீஸ் பரவாயில்லை. மழை ஜாக்கெட்டும் காலணியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். பை மேல் போடும் மழையுறை முதுகுப்பக்கத்தை மூடாது, உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை விரித்து அடுக்குங்கள்.

தண்ணீருக்கு வாயகன்ற பாட்டில் இரண்டு. உறிஞ்சு குழாய் வைத்த பையின் குழாய் கணவாயில் உறையும். வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் வெடித்து, பார்வைக்குத் தெரியாமலே பயனற்றுப் போகும். இரவில் தூங்கும் பைக்குள் வையுங்கள், பவர் பேங்கையும்தான்.

பொருளால் தீராதது உயரம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மனாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. பூண்டு சூப் ருசிக்கு நல்லது, அவ்வளவே. உயர நோயைத் தடுக்க எடுக்கும் டையமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முக்திநாத்தை ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமமாக வணங்கும் நம்மவர் அங்குள்ள 108 நீர்த்தாரைகளில் குளிக்க விரும்புவார்கள். கணவாய் இறங்கிய அன்று வேண்டாம். களைத்த உடலில் சூடு சீக்கிரம் இறங்கும். மறுநாள் வெயில் ஏறிய பிறகு, மாற்றுத் துணியைக் கையோடு வைத்துக்கொண்டு குளியுங்கள். அங்கிருந்து ஜோம்சோம் நோக்கி நடப்பதானால் காலையிலேயே கிளம்புங்கள். முற்பகலுக்குப் பிறகு காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் புழுதிக்காற்று எதிரில் அறையும். கண்ணாடியும் முகத்தை மூட ஒரு துணியும் பையின் மேல்பக்கமே இருக்கட்டும்.